வெயிலை ஏசலாமா?

மே மாதம் பிறந்து கத்திரி தொடங்கிவிட்டால், நம் வீடுகளில் ஸலாத்துக்கு அடுத்தபடியாகக் கேட்கும் பேச்சு, "என்ன வெயில், என்ன வெயில்!" என்பதுதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது தொடங்கிவிடுகிறது. ஒளுச் செய்யக் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுகிறது. கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. காலையில் அரைத்த மாவு பகலுக்குள் புளித்துவிட்டது, பால் திரிந்துவிட்டது. இரவில் மின்சாரம் போய்விட்டாலோ கேட்கவே வேண்டாம். குழந்தைகள் அழ, பெரியவர்கள் எரிந்து விழ, வீட்டில் யாராவது ஒருவர் வாயிலிருந்து, "நாசமாய்ப் போன வெயில்" என்ற வார்த்தை வந்து விழுகிறது.

கண்ணியமிக்க வாசக நேயர்களே! அந்த ஒரு வார்த்தையைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெயில் பிடிக்கவில்லை என்பது பாவமன்று. சிலர் மார்க்கத்தின் பெயரால், "வெயிலென்று சொல்லாதே, புழுக்கமென்று சொல்லாதே, ஈமானுக்குக் குறைவு" என்று பிள்ளைகளை அதட்டுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. வெப்பத்தின் கடுமையைப் பற்றி நம் நாயகம் (ஸல்) அவர்களே பேசியிருக்கிறார்கள். வெப்பம் மிகுந்துவிட்டால் ளுஹர் தொழுகையைச் சற்றுத் தாழ்த்தி, வெயில் தணிந்தபின் தொழும்படி அவர்கள் பணித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. ஒரு பிரயாணத்தில் முஅத்தின் பாங்கு சொல்ல எழுந்தபோது, சற்றுத் தணியட்டும், சற்றுத் தணியட்டும் என்று நிறுத்தி வைத்தார்கள்; மணல் மேடுகளின் நிழல் கண்ணுக்குத் தெரியும் வரை காத்திருந்ததாக அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நம் ஊர்களில் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் கலந்து வாழ்கிறோம். கோடையில் ளுஹரைத் தாழ்த்துவது சிறந்தது என்பதில் இரு மத்ஹபுகளிலும் இடமிருக்கிறது. வெப்ப நாட்டில், தொலைவிலிருந்து ஜமாஅத்துக்கு நடந்து வருபவர்களுக்காக என்று ஷாஃபிஈ மத்ஹபில் சில நிபந்தனைகளைச் சேர்த்துச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

தொழுகையின் வக்தையே அடியானின் உடம்புக்காக நகர்த்திக் கொடுத்த மார்க்கம் இது! கொதிக்கும் தரையில் நெற்றியை வைக்க முடியாதபோது ஸஹாபாப் பெருமக்கள் தங்கள் ஆடையின் ஓரத்தை விரித்து அதன்மேல் ஸஜ்தாச் செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் சொல்கிறார்கள். வேண்டுமென்றே வெயிலில் வதைபட வேண்டும் என்றும் மார்க்கம் கேட்கவில்லை. அபூ இஸ்ராயீல் என்பவர் வெயிலில் நிற்பதாகவும், உட்காருவதில்லை, நிழலுக்குப் போவதில்லை, பேசுவதில்லை என்றும், நோன்பும் நோற்பதாகவும் நேர்ச்சை செய்துகொண்டு நின்றார். அவரைப் பேசச் சொல்லி, நிழலில் உட்காரச் சொல்லி, நோன்பை மட்டும் நிறைவேற்றும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். இபாதத் எது, வீண் வதை எது என்று பிரித்துக் காட்டிய தீர்ப்பு அது. ஆகவே மண்பானைத் தண்ணீரும், நுங்கும், நன்னாரி சர்பத்தும், மின்விசிறியும் தக்வாவுக்கு விரோதமானவை அல்ல. தாராளமாக அனுபவியுங்கள், அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள்.

பிடிக்காமலிருப்பது வேறு, ஏசுவது வேறு. காற்றை ஏசக்கூடாது என்று தடுத்தார்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி அந்தக் காய்ச்சலைச் சபித்தபோது, அதையும் தடுத்து, அது பாவங்களைப் போக்குகிறது என்று தேற்றினார்கள். காலத்தை ஏசுவது, அதைப் புரட்டுகின்ற அல்லாஹ்வையே புண்படுத்துவதாகும் என்ற கருத்தில் ஹதீஸ் குத்ஸியும் இருக்கிறது. காற்றும், காய்ச்சலும், காலமும் தாமாக வரவில்லையே! வெயில் மட்டும் தாமாகவா வந்தது?

நாம் மிகவும் வெறுக்கும் வியர்வையையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்பானை தண்ணீரை எப்படிக் குளிரவைக்கிறது? பானையின் நுண்ணிய துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. நம் தோலில் வியர்வை செய்வதும் அதே வேலைதான். மண்ணால் படைக்கப்பட்ட மனிதனை மண்பானையைப் போலவே குளிரவைக்கிறான் ரஹ்மான்! கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை சீக்கிரம் உலராது. அதனால்தான் அங்கே புழுக்கம் அதிகம். வியர்க்காமல் உடம்பு கொதிக்கத் தொடங்கிவிட்டாலோ, வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். கசகசப்பு என்று நாம் முகம் சுளிக்கும் அந்த நீர்தான் நம் உயிரைக் காத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. கீழே கூடத்தில் வெயிலுக்கு ஏச்சு விழுந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில், மொட்டை மாடியில் உம்மா வடகத்தையும் மாவடுவையும் மிளகாயையும் பரப்பி வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாளைக்கு இப்படியே காயணும் ரப்பே" என்று துஆக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அல்லாஹ் யாருடைய பேச்சைக் கேட்பான்? தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளத்தில் பாடுபடுகிறவர்களுக்கு வெயில் இருக்கும் மாதங்களில்தான் கூலி. உப்பின் பளபளப்பு கண்ணைக் கூச, உப்பு நீர் காலை அரிக்க, அவர்கள் வாரிக் குவித்ததைத்தான் நாம் ஆணத்தில் போட்டு உண்கிறோம். நிலம் இப்படிக் காய்ந்து சூடேறுவதால்தான் கடலின் ஈரக்காற்று கரையை நோக்கி வருகிறது. ஜூன் தொடக்கத்தில் கேரளக் கரையில் மழை இறங்குகிறது. குடகில் பெய்து மேட்டூருக்கு வருகிறது. குற்றாலத்தில் அருவியாய் விழுகிறது. மே மாதத்தை ஏசிவிட்டு ஜூலையில் குற்றாலத்துக்கு வண்டி கட்டுகிறோம்!

வெயில் மனிதனைச் சோதிக்கும் இடம் வேறொன்று இருக்கிறது. வாய்ப் பேச்சைவிட அதுதான் அச்சத்துக்குரியது. வெயில் ஒரு சாக்காக மாறிவிடுகிற இடம் அது.

ஹிஜ்ரி 9, அதாவது கி.பி. 630. தபூக்குக்குப் புறப்பட அழைப்பு வந்தது. மதீனாவிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர், பாலைவன வழி, கடும் வெப்பம். தோட்டங்களில் பழங்கள் கனிந்து, நிழல் இதமாக இருந்த பருவம் அது. வெப்பத்தில் புறப்படாதீர்கள் என்று முனாஃபிக்குகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நரக நெருப்பு அதைவிடக் கடுமையானது என்று திருமறையின் தவ்பா அத்தியாயம் அவர்களுக்குப் பதில் சொன்னது. வெயில் சுடுகிறது என்று அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. உண்மையான வெயிலைத்தான் சாக்காகக் காட்டினார்கள். உண்மையான காரணத்தைப் போன்ற உறுதியான சாக்கு வேறில்லை!

முனாஃபிக்குகள் மட்டுமா பின்தங்கினார்கள்? கஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்களைப் போன்ற உத்தமர்களும், இன்று புறப்படலாம், நாளை புறப்படலாம் என்று தாமதித்து நின்றுவிட்டார்கள். ஐம்பது நாட்கள் ஊரே அவர்களோடு பேசவில்லை. பின்னர்தான் தவ்பா ஏற்கப்பட்ட நற்செய்தி வந்தது. இன்னொருவர் அபூ கைஸமா (ரலி). முன்பு ஒரு முறை ஒரே ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்தை ஸதகாவாகக் கொண்டுவந்து கொடுத்து, முனாஃபிக்குகளின் கேலிக்கு ஆளானவர் அவர். சேனை புறப்பட்டுச் சில நாட்களான பின், ஒரு கொளுத்தும் பகலில் வீட்டுக்கு வருகிறார். அவருக்கு இரண்டு மனைவியர். தோட்டத்தில் ஆளுக்கொரு பந்தல். இருவரும் தத்தம் பந்தலில் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார்கள். குடிக்கக் குளிர்ந்த நீர். உண்ண ஆயத்தமாக உணவு.

சகோதரர்களே! வெயிலில் அலைந்துவிட்டு வந்த ஆண்மகனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அபூ கைஸமா பந்தல் வாசலில் நின்றார், இரண்டையும் பார்த்தார். அல்லாஹ்வின் தூதர் வெயிலிலும் அனல் காற்றிலும் போய்க்கொண்டிருக்க, நான் இந்தக் குளிர்ந்த நிழலில் உட்காருவதா, இது நியாயமில்லையே என்று அவர் உள்ளம் கேட்டது. உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கட்டுச்சோறு தயார் செய்யச் சொன்னார், ஒட்டகத்தில் ஏறினார், தபூக்கில் போய்ச் சேர்ந்தார். கானலுக்கு நடுவே யாரோ ஒருவர் தனியாக வருவது தெரிந்ததும், அது அபூ கைஸமாவாக இருக்கட்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பிச் சொன்னார்கள். அவரேதான் வந்தார்.

அந்த நிழல் ஹலாலான நிழல். அந்தத் தண்ணீரும் ஹலால், அந்த உணவும் ஹலால். வேறொருவர் வெயிலில் இருக்கிறார் என்ற நினைப்புதான் அவரை உட்காரவிடவில்லை.

நமக்குத் தபூக் இல்லை. ளுஹர் ஜமாஅத் இருக்கிறது. நோயாளியைப் பார்க்கப் போக வேண்டியிருக்கிறது. ஜனாஸாவின் பின்னே கபர்ஸ்தான் வரை நடக்க வேண்டியிருக்கிறது. "வெயில் தாழட்டும்" என்கிறோம். தாழ்ந்தபின் மறந்துவிடுகிறோம். வீட்டுக்குள்ளும் ஒரு தபூக் உண்டு. அடுப்படி என்று அதற்குப் பெயர். விசிறிக் காற்றில் அடுப்பு அணைந்துவிடும் என்று விசிறியும் இல்லாமல் நின்று சமைக்கிறவரிடம், "ஆணத்தில் உப்புக் கூடிப்போச்சு" என்று விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறோமே! உணவில் ஒருபோதும் குறை சொல்லாத நபியின் உம்மத்துதானே நாம்?

பிறரைச் சொல்வானேன், என் கதையையே சொல்கிறேன். 2018-ஆம் வருடம் ரமலான் மே மாதத்தின் நடுவில் தொடங்கியது. நோன்பு, கத்திரி, இரண்டும் சேர்ந்துகொண்டன. எங்கள் பள்ளிவாசலுக்கு அருகே தெருவில் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் ளுஹருக்கு அந்த வேலையாள் ஒருவர் வந்து என் பக்கத்தில் நின்றார். உதடு வெடித்திருந்தது, நோன்பாளி என்று பார்த்தவுடனே தெரிந்தது. சட்டையெல்லாம் வியர்வை, தார் நாற்றம். இகாமத் சொல்லும் நேரம், அந்தப் பக்கம் விசிறிக் காற்று வரும் என்கிற பாவனையில் நான் நழுவி வேறு ஸஃப்பில் போய் நின்றுகொண்டேன். யாருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது அவர் இல்லை.

மறுநாள் அவர் பள்ளிக்கு வரவில்லை. வெளியே வந்து பார்த்தால், தெருமுனை வேப்பமரத்தடியில் வெறும் சிமெண்டுச் சாக்கை விரித்துத் தொழுதுகொண்டிருந்தார். முடிக்கும்வரை நின்றேன். ஸலாம் சொல்லி, "உள்ளே வரலாமே" என்றேன். சிரித்தார். "உடம்பெல்லாம் தார் வாடைங்க பாய். உள்ளே வந்தா மத்தவங்களுக்குச் சங்கடம்" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார், குத்திக் காட்டவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. நோன்பு திறக்க வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அதற்கடுத்த நாள் தெருவேலை முடிந்து அவர்கள் வேறெங்கோ போய்விட்டார்கள். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அல்லாஹ்வின் வீட்டுக்கு வந்த ஒருவரை வேப்பமரத்தடிக்கு அனுப்பியது வெயிலா, நானா?

நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலுக்கும் வியர்வையோடு மக்கள் வந்தார்கள். மதீனாவின் சுற்றுப்புறத்திலிருந்து ஜும்ஆவுக்காகப் புழுதியிலும் வியர்வையிலும் நடந்து வருவார்கள் என்றும், அப்படி வந்த ஒருவரைக் கண்டு, இந்த நாளுக்காகக் குளித்துச் சுத்தமாகி வந்தால் நன்றாயிருக்குமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாகவும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். விரட்டவில்லை, நழுவவில்லை, தன்மையாக ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமைக் குளிப்பு என்று நாம் பேணி வரும் ஸுன்னத்துக்குப் பின்னால் உழைப்பாளிகளின் வியர்வை இருக்கிறது!

இறந்துபோன தம் தாயாருக்காக எந்த ஸதகா சிறந்தது என்று ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது, தண்ணீர் என்று பதில் வந்தது. அவர்கள் கிணறு வெட்டினார்கள். நாம் கிணறு வெட்ட வேண்டாம். எரிவாயு உருளையை மாடிக்குத் தூக்கி வருகிறவருக்கும், கைபேசியில் சொன்னதும் சாமான் கொண்டு வருகிற பையனுக்கும் ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்கலாம். அவர்கள் கேட்கமாட்டார்கள், நாமாகத்தான் நீட்ட வேண்டும். மதிலின் மேல் காக்கை குருவிக்கு ஒரு சட்டித் தண்ணீரைப் பிள்ளைகளைக் கொண்டு வைக்கச் சொல்லுங்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த வரலாற்றையும் அப்போதே சொல்லிக் கொடுங்கள்.

எங்கள் ஜமாஅத்தில் இந்தச் சித்திரையில் பேசி, ஹவுளுக்குப் பின்புறம் ஒரு குழாயும், தட்டி மறைப்பும், வாளியும், சோப்பும், நாலைந்து துண்டுகளும் வைத்திருக்கிறோம். முதல் வாரம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. இரண்டாவது வாரம் ளுஹருக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது, தள்ளுவண்டியில் தர்பூசணி விற்கிறவர் ஒருவர் வந்து தட்டியோரம் தயங்கி நின்றார். "யார் வேணும்னாலும் குளிக்கலாமா பாய்?" என்று கேட்டார். துண்டை எடுத்துக் கொடுத்தேன். அன்று அவர் என் பக்கத்தில்தான் தொழுதார்.