அருகிருக்கும் தோழர்க்கு ஆற்றும் கடன்

ஈகையின் பெருமையை நம் ஏடுகள் ஓயாமல் பேசி வருகின்றன. கொடுப்பவனுக்கு வாய்க்கும் நற்கூலி இன்னது, கொடாதவன் எய்தும் கேடு இன்னது என்பவற்றை நம் இல்லத்துச் சிறுவர்களும் அறிவர். ஆயினும் ஈகையை ஒட்டி எழுகின்ற நுட்பமான அறவினா ஒன்று அவ்வளவாக ஆராயப்படவில்லை. நாள்தோறும் நம்மோடு ஒரே கூரையின்கீழ் உழைக்கும் ஒருவர் இடருற்றால், அவருக்கு நாம் செய்யும் உதவி தருமமா, கடமையா? கடமை எனின், அவருடைய இல்வாழ்க்கையை அறிந்துகொள்ளும் உரிமை நமக்கு எந்த எல்லை வரையில் உண்டு? உதவி பெற்ற அவர் மறுநாட் காலையில் அதே இருக்கையில், அதே நம் அருகில், தலைநிமிர்ந்து அமர வழியுண்டா?

இவ்வினாக்கள் பெரிய ஆலைகளைவிடச் சிறிய தொழிலகங்களிலேதான் கூர்மை பெறுகின்றன. அதற்குக் காரணம் உண்டு. தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் நம் நாட்டில் 1948இல் வந்தது. வைப்பு நிதிச் சட்டம் 1952இல் வந்தது. பணிக்கொடைச் சட்டம் 1972இல் வந்தது. இவற்றுள் வைப்பு நிதி பொதுவாக 20 பேருக்குக் குறையாத நிறுவனங்களையும், ஏனைய இரண்டும் 10 பேருக்குக் குறையாத நிறுவனங்களையுமே கட்டுப்படுத்தும். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இவ்வெண்களையே பின்பற்றியது. எனவே எட்டுப் பேர் பணிபுரியும் அச்சகமோ, ஆறு பேர் நிற்கும் துணிக்கடையோ பெரும்பாலும் இச்சட்டங்களின் நிழலுக்கு வெளியே நிற்கின்றன. அங்கே ஒருவர் நோயுற்றால் முதலில் திரும்பிப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவரைத்தான்.

ஓர் அச்சகத்தை உவமையாகக் கொள்வோம். உரிமையாளர் ஒருவர், கணக்கர் ஒருவர், கணினியில் பக்கம் அமைப்பவர் ஒருவர், ஆப்செட் இயந்திரம் ஓட்டுபவரும் அவருடைய உதவியாளரும், தாள் மடித்துத் தைக்கும் பெண்மணிகள் இருவர், கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிச் சென்று கொடுத்து வரும் இளைஞன் ஒருவன் என எட்டுப் பேர். ஆண்டுதோறும் ரமளானில் இவ்வச்சகத்தின் பெயரால் அனாதை இல்லமொன்றிற்கு அரிசி மூட்டைகள் செல்கின்றன. மூட்டைகளுக்குப் பின்னே அனைவரும் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். அந்தப் படத்தில் ஓரமாக நிற்கும் தையற்பகுதிப் பெண்மணி, கணவருடைய சிறுநீரக நோய்க்காகத் தம் கடைசி வளையலையும் அடகு வைத்துவிட்டு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் பொய்யன்று, அரிசியும் பொய்யன்று. எனினும் அந்த ஈகையில் ஏதோ ஒன்று குறைகிறதன்றோ? குறைவது யாது?

திருமறையின் நான்காம் அத்தியாயத்தில், நன்மை செய்யப்பட வேண்டியோர் இன்னின்னார் என வரிசைப்படுத்தும் வசனம் ஒன்று உண்டு. பெற்றோர், உறவினர், அனாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் என்று செல்லும் அவ்வரிசையில் ‘அஸ்ஸாஹிபு பில்ஜன்ப்’ எனும் சொற்றொடர் வருகிறது. விலாப்புறத்தே இருக்கும் தோழர் என்பது அதன் நேர்ப்பொருள். இத்தோழர் யார் என்பதில் விரிவுரையாளர்கள் பலவாறு உரைத்தனர். பயணத்தில் உடன்வருபவர் என்றனர் சிலர்; மனைவி என்றனர் வேறு சிலர். கி.பி. 923இல் மறைந்த இமாம் தபரீ, இக்கருத்துகளை எடுத்துக்காட்டிவிட்டு அச்சொல் அவர்கள் எல்லோரையும் தழுவும் எனக் கொண்டார். கி.பி. 1144இல் மறைந்த ஸமக்‌ஷரீ, தம் ‘கஷ்ஷாஃப்’ விரிவுரையில் கல்வியிலோ கைத்தொழிலிலோ கூட்டாளியாய் அமைந்தவரையும், அவையிலோ பள்ளிவாசலிலோ பக்கத்தில் அமர்ந்தவரையும் இதனுள் அடக்கினார்.

இவ்விளக்கம் நம் வினாவுக்குக் கதவு திறக்கிறது. அண்டை வீட்டாரோடு நாம் வாழ்வது சுவருக்கு அப்பால். தொழிற்றோழரோடு வாழ்வதோ தோளோடு தோளாக. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் எனக் கணக்கிட்டால் 48 மணி நேரம் ஆகிறது. விழித்திருக்கும் வேளையில் சொந்தப் பிள்ளைகளோடு இவ்வளவு நேரம் கழிப்போர் எத்தனை பேர்? இத்தோழமை நாமே தேர்ந்துகொண்டதன்று என்பது மெய்யே. அண்டை வீட்டாரையும் நாம் தேர்ந்துகொள்ளவில்லை. அதனால் அவர்தம் உரிமை நீங்கிவிடவில்லை.

தமிழறமும் இதனையே வேறு நெறியில் காட்டுகிறது. வள்ளுவனார் ஈகையை 23ஆம் அதிகாரமாக வைத்தார். அதற்கு முன்னே 22ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலை வைத்தார். ஈகை என்பது வறியவர்க்குக் கொடுப்பது. ஒப்புரவோ, உடன்வாழ்வோர்க்குத் தான் பயன்படவேண்டியவன் என்னும் உணர்வோடு நடப்பது. முன்னதில் கொடுப்பவன், கொள்பவன் என்னும் இரு படிகள் உண்டு. பின்னதில் இருவரும் ஒரே தளத்தில் நிற்கின்றனர். தொழிற்றோழர்க்குச் செய்யும் உதவியை ஈகையின் கணக்கில் எழுதுவதைவிட ஒப்புரவின் கணக்கில் எழுதுவதே பொருந்தும். நம் உவமையில் குறைந்தது இதுவே: அச்சகத்தில் ஈகை இருந்தது, ஒப்புரவு இல்லை.

இதற்கு ஒரு தடை எழுப்புவர். “பணியிடம் குடும்பமன்று, கூலிக்கு உழைக்கிறோம், கூலி பெறுகிறோம், ஒருவர் வீட்டு விவகாரத்தில் மற்றவர் தலையிடுவானேன்?” என்பர். இத்தடையில் பாதி உண்மை. அந்தப் பாதியைப் புறக்கணித்தால் நன்மையென எண்ணித் தீமை செய்துவிடுவோம். உதவியை முன்னிட்டுப் பிறர் வாழ்வைத் துருவுதல் நம்மிடையே மலிந்துள்ள பழக்கம். ஐந்நூறு ரூபாய் கொடுத்தவுடன், “என்னம்மா, உன் வீட்டுக்காரர் குடியை விட்டுவிட்டாரா? மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாயா?” எனக் கேட்கும் அதிகாரம் தமக்கு வந்துவிட்டதாக நினைப்போர் உளர். அந்த ஐந்நூறு ரூபாய் அப்பெண்மணியின் வீட்டுக் கதவுக்குக் கொடுத்த விலையாகிவிடுகிறது. குற்றம் துருவி ஆராய்வதைத் திருமறை வெளிப்படையாகத் தடுத்துள்ளது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவில் ஒரு வீட்டின் சுவரேறி உள்ளே நடந்த குற்றத்தைக் கண்டபோது, ‘துருவியது ஒன்று, வாயில் வழி வாராதது ஒன்று, சலாம் கூறாதது ஒன்று, நான் செய்தது ஒரு பிழை, நீங்கள் செய்தவை மூன்று’ என்னும் கருத்தில் அவ்வீட்டுக்காரர் மறுமொழி தந்ததையும், கலீஃபா அவரை விட்டுச் சென்றதையும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எடுத்துரைக்கிறார்கள். ஆட்சித் தலைவருக்கே இல்லாத உரிமை ஐந்நூறு ரூபாய்க்கு வந்துவிடுமா?

அப்படியாயின், துருவாமல் தேவையை அறிவது எவ்வாறு? கேட்டு அறிவது வேறு, கண்டு அறிவது வேறு. கையேந்தாத தன்மானத்தால் செல்வரென்று எண்ணப்படும் ஏழைகளைத் திருமறை சிறப்பித்துப் பேசுகிறது. அவர்களை முகக்குறியால் அறியலாம் என்கிறது. உணவு வேளையில் தூக்குப்பாத்திரம் கொண்டுவராமல் வெளியே உலாவச் செல்பவர், வளையல் இருந்த கையில் கயிறு கட்டியிருப்பவர், மாதத்தின் இரண்டாம் வாரத்திலேயே முன்பணம் கேட்பவர் ஆகியோரைப் பார்க்க உளவு தேவையில்லை, கண்ணிருந்தால் போதும். கஸ்ஸாலி அவர்கள் தோழமையின் கடமைகளை விரிக்குமிடத்தில், பொருளால் உதவுவதை மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள். தன் மிச்சத்திலிருந்து தோழன் கேட்குமுன்னே கொடுப்பது கடைசிப் படி. தன் பொருளில் அவனைச் சமபங்காளியாகக் கொள்வது நடுப்படி. தன்னினும் அவனை முற்படுத்துவது மேற்படி. கேட்கும் நிலைக்குத் தோழனை ஆளாக்குவதையே அவர்கள் குறைபாடெனக் கருதியதை நோக்குங்கள். கேட்டபின் கொடுப்பது அவர்களுடைய அளவுகோலில் எந்தப் படியிலும் இல்லை!

அடுத்து, கொடுக்கும் முறை. நம் தொழிலகங்களில் வழக்கமாய் நடப்பது யாதெனின், ஒருவர் வீட்டில் துன்பம் நேர்ந்ததும் ஒரு தாள் சுற்றுக்கு விடப்படும். உரிமையாளர் ஆயிரம் என எழுதுவார்; கணக்கர் ஐந்நூறு என எழுதுவார். தாள் இறுதியில் சைக்கிள் இளைஞனிடம் வரும். மேலே உள்ள எண்களைப் பார்த்துவிட்டு அவனால் இருபது என எழுத முடியுமா? வீட்டுக்குப் பால் வாங்க வைத்திருந்த இருநூறு ரூபாயை எழுதிவிடுவான். வெட்கத்தின் நெருக்குதலால் பெறப்பட்ட பொருள் பறித்தெடுத்த பொருளுக்கு ஒப்பாகும் என ஷாஃபிஈ சட்ட அறிஞர்கள் எழுதிவைத்தனர். ஓர் ஏழையின் துயர் தீர்க்க மற்றோர் ஏழையிடம் பறித்தோம் என்றால், அத்தாளில் எழுதப்பட்டது தருமக் கணக்கா?

பெறுபவர்க்கும் அத்தாள் நன்மை செய்வதில்லை. புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளில் நடைபெறும் மொய் விருந்துகளில், யார் எவ்வளவு எழுதினார் என்பது ஏட்டில் ஏறும். அவரவர் விருந்து வரும்போது திருப்பிச் செய்யப்படும். அங்கே எழுத்து இருப்பதால் எவருக்கும் தாழ்வில்லை; ஏனெனில் அது வெளிப்படையான கைம்மாற்று. தொழிலகத்தின் தாளோ திருப்பிக் கேட்பதில்லை என்று சொல்லிக்கொண்டே நினைவில் வைத்திருக்கிறது. பின்னொரு நாள் வேலையில் பிழை நேரும்போது, “உனக்காக எவ்வளவு செய்தோம்!” என்னும் சொல் வெளிப்படுகிறது. சொல்லிக்காட்டுவதாலும் நோவினை செய்வதாலும் தருமம் பாழாகும் என்பதை அறியாத முஸ்லிம் உண்டா?

முன்னோர் இவ்வாபத்தை அறிந்திருந்தனர். குருடர் கையில் வைத்தல், ஏழை செல்லும் வழியில் போட்டுவைத்தல், உறங்குபவன் ஆடையில் முடிந்துவிடுதல் என அவர்கள் கையாண்ட வழிகளைக் கஸ்ஸாலி தொகுத்துரைக்கிறார்கள். கர்பலாவில் உயிர் தப்பிய இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரலி) மறைந்தபோதுதான், இரவுதோறும் மதீனத்து ஏழைகளின் வாயிலில் மாவு மூட்டை வைத்தவர் யார் என்பது தெரியவந்தது. உடலைக் குளிப்பாட்டியவர்கள் அன்னாரின் முதுகில் சுமையின் தழும்பைக் கண்டனர். அந்த மூட்டைகளுக்குப் பின்னே படம் எடுக்க எவரும் நிற்கவில்லை.

உரிமையாளர்க்கு உரியதொரு சொல்லும் உண்டு. உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்க வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நியாயமான கூலியும் அதை நாள் தவறாமல் தருதலும் உழைப்பவரின் உரிமைகள், அவை தருமமாகா. ஜகாத்தைக் கூலிக்கு ஈடாகக் கணக்கிட்டால் அது ஜகாத் ஆகாது என்பதும் நம் சட்ட நூல்கள் கூறுவதே. தகுதியுள்ள பணியாளருக்குக் கூலிக்கு மேற்பட்டு ஜகாத் கொடுக்கலாம். பெறுபவரிடம் அதனை ஜகாத் என்று சொல்ல வேண்டியதில்லை எனவும் அறிஞர் பலர் உரைத்தனர். ஆனால் பத்தாம் நாள் வரை சம்பளத்தைத் தாழ்த்திவிட்டு, பதினொன்றாம் நாள் அரிசி மூட்டை வழங்குபவர் ஒரு கடனை நிறுத்திவைத்துக்கொண்டு ஒரு புகழை வாங்குகிறார்.

இனிச் செயலுக்கு வருவோம். நம் ஊர்கள் பலவற்றில் பைத்துல்மால்கள் வட்டியில்லா அழகிய கடன் வழங்கி வருகின்றன. அதன் சிறு வடிவம் ஒன்றை எட்டுப் பேர் கொண்ட தொழிலகத்திலும் அமைக்கலாம். மூடிய பெட்டி ஒன்று. மாதச் சம்பளத்தன்று அவரவர் விரும்பியதை இடுவர். எவர் எவ்வளவு இட்டார் என்பது எவருக்கும் தெரியாது. எல்லோரும் நம்பும் ஒருவர் காப்பாளர். அவர் உரிமையாளராக இல்லாதிருத்தல் நன்று. தேவையுள்ளவர் அவரிடம் மட்டும் தொகையைச் சொன்னால் போதும், கதையைச் சொல்ல வேண்டியதில்லை. முடிந்தவர் சிறுகச் சிறுகத் திருப்பித் தருவர். திருப்பித் தருபவர் கடனாளியாக இருந்து நீங்குகிறார். அடுத்த மாதம் அவரே பெட்டியில் இடும்போது கொடுப்பவராகவும் ஆகிறார். நேற்றுப் பெற்றவர் இன்று கொடுக்க வழியிருந்தால்தான் அவர் தலை நிமிரும்.

இப்பெட்டியால் ஓர் அறுவைச் சிகிச்சைக்கு வழி செய்ய முடியாது என்பர். முடியாதுதான். ஆனால் தோழமையின் கையிருப்பு பணம் மட்டுமன்று. தமிழ்நாட்டில் 2009இல் அரசின் உயிர்காக்கும் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக அது நடைபெற்றது. இத்தகைய திட்டத்தில் சேர வருமானச் சான்று பெறவும், படிவம் நிரப்பவும், மருத்துவமனையில் வரிசையில் நிற்கவும் எழுத்தறிந்த ஒருவர் அரை நாள் உடன்செல்வது, அத்தாளில் எழுதப்படும் ஆயிரம் ரூபாயைவிடப் பெரிதாகலாம். அந்த அரை நாளின் வேலையை மற்ற அறுவரும் பங்கிட்டுச் செய்துவிட்டு, அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசாதிருப்பதும் உயர்ந்த ஸதகாவே.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுக்கு விடை இதுவாகும்: தொழிற்றோழர்க்குச் செய்யும் உதவி நம்மேல் உள்ள கடன், அக்கடன் அவருடைய தேவையை அறிய நமக்கு வழிவிடுகிறது, அவருடைய மறைவுகளை அறிய வழிவிடவில்லை. உதவி முறையாகச் செய்யப்பட்டதா என்பதைச் சோதிக்க எளியதொரு வழியுண்டு. உதவி பெற்றவர் மறுநாள் நம்மோடு கருத்து மாறுபட்டு, “இந்த வேலை இப்படிச் சரிவராது” என்று அச்சமின்றி நம்மிடம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடிந்தால் நாம் தோழர்க்கு உதவினோம். முடியாவிட்டால் ஒரு தோழரை இழந்து ஓர் அடிமையை வாங்கினோம். தூரத்து ஏழையை மறவாமலும் அருகிருக்கும் தோழரைக் கடந்து செல்லாமலும் கொடுக்கும் பக்குவத்தை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!