காலடி பார்த்து நடந்தவர்

பூவாரிலும் பாறசாலைப் பக்கத்து ஊர்களிலும் பட்டாளத்துக்காரர் வீடு எது என்று கேட்டால், எந்தப் பட்டாளத்துக்காரர் என்று திருப்பிக் கேட்பார்கள். அத்தனை பேர் போயிருக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பின் திருவிதாங்கூர் மன்னரின் காலாட்படை மெட்ராஸ் ரெஜிமென்டோடு சேர்ந்து அதன் 9, 16 ஆம் பட்டாலியன்களாயிற்று. அப்பா 16இல் இருந்தார்.

பாகிஸ்தானோடு நடந்த போரில், 1971 டிசம்பர் 15 இரவு பசந்தர் ஆற்றைக் கடந்து, கண்ணிவெடி விதைத்த நிலத்தைத் தாண்டி, சராஜ் சக்கையும் லாலியாலையும் பிடித்தது 16 மெட்ராஸ். அதில் ஹவில்தார் தாமஸ் பிலிப்போஸுக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. இவ்வளவும் நான் படித்துத் தெரிந்துகொண்டவை. 'வீர மதராசி, அடி கொல்லு' என்று முழங்கிக்கொண்டு பாயும் ரெஜிமென்ட் அது. அந்த முழக்கத்தைக்கூட அப்பா வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை.

நெய்யாறு கடலில் சேரும் பொழிக்கு எங்களைக் கூட்டிப் போவார். ஈர மணலில் இறங்கியதும், "எனக்க சவடு பாத்துச் சவிட்டி வா மக்கா" என்பார். தங்கை விலகி ஓடினால் அவர் முகம் வெளுத்துவிடும். கடலுக்குப் பயப்படுகிறார் என்றே நினைத்திருந்தோம். கண்ணிவெடி நிலத்தில் முன்னால் போனவன் மிதித்த இடத்தில்தான் பின்னால் வருபவன் மிதிக்க வேண்டும் என்று பின்னால் படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. அவர் சொல்லாமல் விட்ட போர் எங்கள் கால்களில் இருந்திருக்கிறது.

ஊரார் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: எத்தனை பேரைச் சுட்டீர்? அப்பா எழுந்து தென்னைக்குத் தண்ணீர் விடப் போய்விடுவார். அவருக்கு அடக்கம் அதிகம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செத்தவர்களைக் கதையாக்கிக் கேட்டவர்களுக்கு அவர் கொடுத்த மறுப்பு அது.

அதே பசந்தர் போரில் டிசம்பர் 16 அன்று 21 வயது அருண் கேத்தர்பால் தம் டாங்கியிலேயே மாண்டார். பரம்வீர் சக்கரம் பெற்றவர். 2001இல் அவருடைய தந்தை பிரிகேடியர் எம்.எல். கேத்தர்பால், பிரிவினைக்கு முன் வாழ்ந்த மண்ணைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் பிரிகேடியர் குவாஜா முகமது நாசர். உங்கள் மகன் என் கையால்தான் இறந்தான் என்று புறப்படும் முன் அவர் சொன்னார். எதிரியைப் புகழ்ந்தும் பேசினார். அதை அந்தத் தகப்பனிடம் சொல்ல முப்பது ஆண்டு ஆகியிருக்கிறது. தன்னைப்போலவே இழந்தவன், அல்லது தன்னால் இழந்தவன் எதிரே உட்கார்ந்தால்தான் சில பேச்சுகள் வாயில் வரும் போலும். பிள்ளைகளாகிய நாங்கள் சினிமா பார்க்கும் ஆசையோடு அப்பாவின் எதிரே உட்கார்ந்தோம்.

அப்பா போய்விட்டார். அவரோடு பட்டாளத்துக்குப் போனவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். நவம்பரில் உயிர்ச் சான்று கொடுக்க வங்கிக்கு வருவார்கள். இப்போது நான் அவர்களிடம் சண்டையைப் பற்றிக் கேட்பதில்லை. உங்கள் பக்கத்தில் யார் இருந்தார், அவருக்கு எந்த ஊர் என்று கேட்கிறேன். போன நவம்பரில் ஒரு பெரியவர் பதில் சொன்னார். பக்கத்தில் இருந்தவன் விளவங்கோட்டுப் பையன். அவன் அம்மைக்குக் கடிதம் எழுதிப் போட்டது தான்தான் என்று தொடங்கினார். டோக்கன் நம்பர் கூப்பிட்டும் அவர் எழுந்திருக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தார்.