தறி ஓடும் நேரம்

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் பகலுக்கென்று ஒரு சத்தம் உண்டு. ஏகாம்பரகுப்பம் பக்கம் தெருவுக்குள் திரும்பினால் வீட்டுக்கு வீடு விசைத்தறியின் தடதடப்புதான். ஊர்க்காரர்களுக்கு அது காதில் ஏறுவதே இல்லை. கைக்குழந்தைகளுக்கும் அப்படித்தான். தறி ஓடும்வரை தூளியில் அயர்ந்து தூங்கும் பிள்ளை, கரண்ட் போய்த் தறி நின்றதும் திடுக்கிட்டு முழித்துக்கொள்ளும். தறிக்கார வீட்டில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அங்கன்வாடி ஆயாவுக்கும் இது தெரியும். மத்தியானம் பிள்ளைகளைப் பாயில் வரிசையாகப் படுக்கவைத்திருக்கும்போது தெரு சட்டென்று அடங்கினால், அவர் தலையை நிமிர்த்தி ஃபேனைப் பார்ப்பதில்லை. எந்தப் பிள்ளை முதலில் அசையும் என்பது அவருக்கு மனப்பாடம். அது அசைவதற்குள் அவர் கை அதன் முதுகுக்குப் போய்விடுகிறது.

*

பிறர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது உடல் உழைப்புதான். தூக்க வேண்டும், துடைக்க வேண்டும், கழுவிவிட வேண்டும், குனிந்து குனிந்து நிமிர வேண்டும். ஆனால் ஆளை உருக்குவது அது மட்டுமில்லை. கவனத்தை ஒரு நிமிஷம்கூடக் கீழே வைக்க முடியாது. தறியை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து வரலாம். பிள்ளைகளை அப்படி நிறுத்திவைக்க முடியாது. தியானம் பழகுகிறவர்கள் வருஷக்கணக்காக உட்கார்ந்து தேடுகிற விழிப்பு, இந்தப் பெண்களுக்குக் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரைக்கும் அன்றாட வேலையாக இருக்கிறது. அவர்களைப் பார்த்துத்தான் எனக்கு இது புரிந்தது.

*

முட்டை ஊட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவித்து உரித்துத் தட்டில் வைத்துவிட்டால் மூன்று வயதுப் பிள்ளை தின்றுவிடாது. மஞ்சள் கரு தொண்டையில் ஒட்டும். கன்னத்தில் அடக்கிக்கொண்டு, விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் உட்கார்ந்திருக்கும். ஆயா அந்த மஞ்சள் கருவைச் சோற்றில் போட்டு, சாம்பார் விட்டுத் தளரப் பிசைகிறார். வெள்ளையைச் சின்னதாகப் பிட்டுப் பிள்ளையின் கையிலேயே கொடுக்கிறார். “தினு நான்னா” என்று தெலுங்கில் ஒரு தடவை. வாய் திறக்கவில்லையென்றால் “சாப்புடுறா ராசா” என்று தமிழில். இதற்குள் இன்னொன்று எழுந்து வாசல் பக்கம் நடக்கிறது. பிசைகிற கை நிற்காமலே அதைப் பேர் சொல்லித் திருப்பிக் கூப்பிடுகிறார். பக்கத்தில் இருப்பவன் சட்டை நனைந்திருப்பதையும் அவர் கண்தான் பார்த்தது.

பதிவேட்டில் முட்டைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. ஊட்டியதற்குக் கட்டம் இல்லை.

*

1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. அதனால் இங்கே பல வீடுகளில் பிள்ளைக்கு அம்மா பேசுவது தமிழ், பள்ளிக்கூடம் பேசுவது தெலுங்கு. வீட்டிலிருந்து முதன்முதலாக வெளியே வந்து, புரியாத பேச்சின் நடுவே உட்கார்ந்து அழுகிற அந்த முதல் வாரத்தை யோசித்துப் பாருங்கள். எல்லையில் வாழ்கிற ஒரு பிள்ளைக்கு இரண்டு மொழியையும் பயமில்லாமல் பழக்கிவிடுகிறவர் பெரும்பாலும் எட்டாவதோ பத்தாவதோ படித்த இந்த ஆயாதான். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இது அவருக்குச் சொல்லித்தரப்பட்டதாகத் தெரியவில்லை.

*

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் அங்கன்வாடி இருக்கிறது. அதில் வேலை செய்யும் பெண்களை மட்டும் சேவைக்கு வந்தவர்களாகவே அரசு இன்னும் நடத்துகிறது. அவர்கள் அரசு ஊழியர்கள் அல்ல என்று 2006-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 2022 ஏப்ரல் 25 அன்று அதே நீதிமன்றம், இவர்கள் செய்வதைப் பகுதிநேர வேலை என்று ஏற்கவே முடியாது என்று சொல்லி, டீச்சர்களுக்கும் ஆயாக்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. நடுவே கடந்த வருஷங்களில் எத்தனை பெண்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்களோ.

2023 டிசம்பர் 12 அன்று ஆந்திரம் முழுக்க அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அப்போது டீச்சருக்கு மாதம் 11,500 ரூபாய், ஆயாவுக்கு 7,000. ஜனவரி 6 அன்று அரசு எஸ்மா சட்டத்தின் கீழ் ஆணை பிறப்பித்து, இது அத்தியாவசியப் பணி, நிறுத்தக் கூடாது என்றது. அப்படியும் மொத்தம் 42 நாள் நின்றார்கள். அந்த ஆணை அவர்களை மிரட்ட வந்தது. நான் அதை ஒரு சாட்சியாக வைத்துக்கொள்கிறேன். இந்த வேலை நின்றால் ஊர் தாங்காது என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்டது. அப்படி ஒப்புக்கொண்ட பிறகு 7,000 ரூபாய்க்கு என்ன நியாயம் மிச்சமிருக்கிறது?

*

மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்களில் பலர் வாசலிலேயே நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, “என்னம்மா சாப்பிட்டான் இன்னைக்கு?” என்று கேட்பார்கள். கேட்டதும் ஆயாவின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். பாதி முட்டை, ஒரு தடவை அழுதது, யாரோடு விளையாடியது, உடம்பு லேசாகச் சுட்டது என்று வரிசையாகச் சொல்கிறார். அத்தனை பிள்ளைகளில் ஒன்றின் பகலை இவ்வளவு துல்லியமாக மனசில் வைத்திருக்கிறார். யாரும் கேட்காவிட்டாலும் வைத்திருக்கத்தான் செய்வார்.

*

மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளை நினைத்தால்தான் மனசு ஆறுவதில்லை. அங்கன்வாடி அவர்களுக்குச் சத்துமாவு கொடுத்து அனுப்புகிறது. பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ள இடமில்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 50 பேர் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்றது 2017-ல் வந்த மகப்பேறுச் சட்டத் திருத்தம். வீட்டுத் திண்ணையை அடைத்து நாலு தறி போட்டவர்களை இந்த எண்கள் எட்டிப் பார்த்ததே இல்லை.

ஆகவே பாட்டி பார்த்துக்கொள்கிறாள். இடுப்பில் பேரன், ஒரு கையில் தார் சுற்றும் வேலை, போதாததற்கு முழங்கால் வலி. அவள் பார்த்துக்கொள்கிற நேரத்தில்தான் மருமகள் தறியில் நிற்கிறாள். நூல் விலை, சாய விலை, கரண்ட் பில், கூலி எல்லாம் துணியின் விலையில் ஏறுகின்றன. பாட்டியின் பகல் ஏறுவதில்லை.

1969-ல் டெல்லியில், காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டட வேலை நடந்த இடத்தில், மண்ணில் கிடந்த சித்தாள்களின் பிள்ளைகளைப் பார்த்து மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். ‘மொபைல் கிரெஷஸ்’ அமைப்பு அப்படித்தான் பிறந்தது. வேலை நடக்கும் இடத்துக்கே காப்பகம் போக வேண்டும் என்பதை அது செய்து காட்டியது. 2022-லிருந்து மத்திய அரசின் ‘பால்னா’ திட்டத்தில், அங்கன்வாடியோடு சேர்த்து ஆறு மாதக் குழந்தை முதல் வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களுக்கு வழி இருக்கிறது. தறி ஊர்களில் அது தெருவுக்கு ஒன்று வேண்டும். தறி ஓடும் நேரம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். அங்கே பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கப் போகிற பெண்ணுக்கு, நெய்கிறவளுக்குக் குறையாத கூலியை முதல் மாதத்திலிருந்தே கொடுக்க வேண்டும்.