ஒட்டுத் துணியும் ஒட்டாத ஈகையும்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நெல்வயல்களின் நடுவே, கும்பகோணத்திற்கு வடகிழக்கே அமைந்த ஊர் திருப்பனந்தாள். அவ்வூர்ச் சிவன் கோயிலுக்குத் தாடகையீச்சரம் என்பது பழம்பெயர். அப்பெயர் வந்த காரணத்தைத் தலபுராணம் ஒரு கதையாகச் சொல்கிறது. தாடகை என்னும் பெண் நாள்தோறும் இறைவனுக்கு மாலை சூட்டி வழிபட்டு வந்தாள். ஒருநாள் மாலையை இரு கைகளிலும் ஏந்தி நிற்கையில் அவள் ஆடை நெகிழ்ந்தது. மாலையைக் கீழே வைக்க மனம் வரவில்லை; ஆடையை நழுவவிடவும் இயலவில்லை. முழங்கைகளால் ஆடையை இடுக்கிக்கொண்டு அவள் தவித்து நிற்க, இறைவனே தலையைச் சாய்த்து மாலையை ஏற்றாராம். சாய்ந்த திருமேனியைப் பின்னாளில் யானைகளாலும் நிமிர்த்த முடியவில்லை என்றும், குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்தில் கயிற்றைப் பூட்டி இழுத்து நிமிர்த்தினார் என்றும் கதை தொடர்கிறது.

நம் சமய நெறி வேறு. ஆயினும் ஒரே ஆற்று நீரைப் பருகி வாழும் அயலார் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்த இக்கதையில் நாம் கற்கத் தக்கவை இரண்டு உண்டு. ஆடை வெயிலையும் குளிரையும் தடுப்பதோடு மானத்தையும் காக்கிறது என்பது ஒன்று. எளியவரின் மானம் காக்கப்பட வேண்டுமானால் உயர்ந்த இடத்தில் இருப்பவர் குனிய வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மனத்தில் இருத்தி, எளிதாகத் தோன்றும் ஒரு வினாவை ஆராய்வோம். நாம் உடுத்திப் பழசான துணியைப் பிறருக்குக் கொடுக்கிறோம். அது எப்போது ஈகையாகிறது? எப்போது வீட்டைக் காலி செய்யும் வேலையாக மட்டும் நின்றுவிடுகிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பழந்துணி என்பதனாலேயே ஒன்று இழிவாகிவிடாது. நம் வீடுகளில் பிறந்த குழந்தையை ஏந்துவது பெரும்பாலும் பாட்டியின் நூற்புடவையைக் கிழித்து மடித்த துண்டுதான். பலமுறை துவைத்து மென்மையேறிய துணி பச்சிளந் தோலை உறுத்தாது. அதனை உடுத்திய பெரியவரின் ஆசியும் அதில் படிந்திருக்கும் என்று நம் பெண்கள் எண்ணினார்கள். தூளியாவதும் பழம்புடவையே. அது நைந்தால் அடுப்பங்கரையில் பிடிதுணியாகும். அதுவும் நைந்தால் விளக்குக்குத் திரியாகும். ஒளியாய் எரிந்து முடியும்வரை ஒரு துணிக்கு நம் வீட்டில் வேலை இருந்தது.

துண்டுத் துணியும் இழிவானதன்று. தஞ்சை, கும்பகோணம் பகுதிகளில் தேர்களை அழகுசெய்யும் தொம்பைகளும் தோரணங்களும் வண்ணத் துணிகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தவை. இன்னும் பழமையான சான்றும் உண்டு. பிக்குகளின் ஆடை எவ்வாறு அமைய வேண்டும் என்று வந்தபோது, மகத நாட்டு நெல்வயல்களின் பாத்திகளையும் வரப்புகளையும் போலத் துண்டுகளை இணைத்துத் தைக்குமாறு புத்தர் ஆனந்தரைப் பணித்ததாக விநய நூல் கூறுகிறது. வெட்டித் தைத்த துணியைக் கவர எவரும் விரும்பார் என்பதும் அங்கே சொல்லப்பட்ட காரணம். இராசராச சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுந்தது. நெல்வயலின் உருவை உடம்பில் போர்த்திய துறவியர் நம் நெல்வயல்களின் நடுவிலும் நடமாடியிருப்பார்கள்.

அப்படியானால் இழிவு எங்கிருந்து வருகிறது? அதற்கும் இந்த மண்ணே விடை தருகிறது. தஞ்சைத் தரணியின் பண்ணைகளில், உழைக்கும் மக்கள் தோளில் துண்டு போடுவதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. மிராசுதாரர் எதிர்ப்பட்டால் தோளிலிருந்த துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். அந்தக் கைகளுக்கே பெரிய வீட்டின் பழந்துணியும் இறங்கியது. கொடுத்தவர் அதனைக் கருணை என்றார். வாங்கியவரோ, தாம் நிற்க வேண்டிய இடம் எது என்பதை அந்தத் துணியை வாங்கும் ஒவ்வொரு முறையும் நினைவூட்டப்பெற்றார். உழுதவனின் கூலியையும் குத்தகைதாரரின் பங்கையும் சட்டத்தால் காக்க 1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. உரிய கூலியைக் குறைத்துவிட்டுப் பழைய வேட்டியைக் கொடுப்பவர், எடுத்த பெரிய கடனை மறைக்கச் சிறு வட்டியைக் கொடுப்பவரை ஒத்தவர். நீதி நிற்க வேண்டிய இடத்தில் ஈகையை நிறுத்தும்போது துணி புதியதாயினும் இழிவுதான்.

நம் காலத்தில் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பிய நிகழ்ச்சி 2004 திசம்பர் 26 அன்று கடல் பொங்கியதை அடுத்து நேர்ந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடெங்குமிருந்து சரக்குந்துகள் பழைய ஆடைகளைச் சுமந்து வந்தன. அனுப்பியவர்களின் இரக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் வந்தவற்றுள் கிழிந்தவை இருந்தன, அழுக்கானவை இருந்தன, நம் கடற்கரைப் பெண்கள் உடுத்தாத வகைகளும் இருந்தன. வீட்டையும் உற்றாரையும் இழந்திருந்த மீனவ மக்களுள் பலர் அவற்றைத் தொடவில்லை. சாலையோரங்களில் ஆடைகள் குவியல் குவியலாகக் கிடந்து நனைந்தன. கடலில் இறங்கி உழைத்து உண்டவர்கள் அவர்கள். எல்லாவற்றையும் கடல் கொண்டுபோன பின்னும் அவர்களிடம் எஞ்சியிருந்த மானம், அந்தக் குவியலின் முன் குனிய மறுத்தது. அதனை நன்றியின்மை என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

அக்குவியலில் குறைந்தது என்ன? ஊசியின் வேலை குறைந்தது. எப்படி என்று பார்ப்போம்.

பழைய ஆடையில் கோடித் துணியை எவரும் ஒட்டுப்போடுவதில்லை என்று ஆண்டவர் சொன்னதை மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். நோன்பைப் பற்றிய கேள்விக்கு விடையாக அவர் அதனைச் சொன்னார். அதன் பொருள் ஆழமானது. ஆயினும் அவ்வுவமை, தையல் அறிந்த எளிய வீட்டில் பிறந்தது. நனையாத புதுத்துணி முதல் துவைப்பில் சுருங்கும். சுருங்கும்போது சுற்றியுள்ள பழைய இழைகளையும் இழுத்துக் கிழிக்கும். ஆகவே ஒட்டுப்போடும் துணியை முன்னரே நனைத்துச் சுருங்கவிட வேண்டும், அல்லது வேறொரு பழந்துணியிலிருந்து வெட்டியெடுக்க வேண்டும். கிழிசலைவிடப் பெரிதாக வெட்டி, ஓரங்களை உள்மடித்து, இழைபோகும் திசை பார்த்து வைத்து, இழுக்காமலும் தொய்யாமலும் தைக்க வேண்டும். பிறர் வாழ்வின் கிழிசலை மூட விரும்புகிறவர்க்கும் இதுவே முறை. உதவ வருபவர் முதலில் தாம் சுருங்க வேண்டும். தம் அளவு, தம் விருப்பம், தம் பெருமை ஆகியவற்றோடு அப்படியே வந்து ஒட்டிக்கொண்டால் கிழிசல் பெரிதாகும்.

யோப்பா நகரின் தபித்தாவை நாம் இங்கே நினைவுகூர வேண்டும். திருத்தூதர் பணிகள் நூலில் அவர் பேசிய சொல் ஒன்றும் பதிவாகவில்லை. அவர் இறந்தபோது கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்து நின்று அழுது, அவர் தங்களோடு இருந்தபொழுது செய்த ஆடைகளைக் காட்டினார்கள் என்பது மட்டும் பதிவாகியுள்ளது. ஒருவருக்கென்று ஆடை தைப்பவர் அவருடைய தோளின் அகலம் அறிந்திருப்பார். கையின் நீளம் அறிந்திருப்பார். முகம் தெரியாத கூட்டத்திற்கு மூட்டை கட்டலாம். அளவெடுத்துத் தைக்க முகம் தெரிந்தாக வேண்டும். அந்தக் கைம்பெண்களின் கண்ணீர் அதற்குச் சாட்சி.

ஆழிப்பேரலைக்குப் பின் இதே கடற்கரையின் வடபகுதியில் மற்றொன்றும் நடந்தது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் இயங்கும் உபாசனா என்னும் ஆடை வடிவமைப்பு நிலையம், 2005இல் மீனவப் பெண்களுக்குக் கைத்தையல் கற்றுக்கொடுத்தது. ஆடை வெட்டுகையில் மிஞ்சும் துண்டுகளைக் கொண்டு அவர்கள் சின்னஞ்சிறு பொம்மைகளைத் தைத்தார்கள். சுனாமிகா எனப் பெயரிடப்பட்ட அப்பொம்மைகள் விலைக்கு விற்கப்படவில்லை. அன்பளிப்பாக மட்டுமே கைமாறின. தைத்த பெண்களுக்கோ உழைப்புக்கு ஊதியம் கிடைத்தது. துணி என்று பார்த்தால், சாலையோரம் கிடந்த சட்டைகளைவிட மதிப்புக் குறைந்த வெட்டுத் துண்டுகள்தாம். ஆனால் அங்கே பெறுபவராக மட்டும் எண்ணப்பட்டவர்கள் இங்கே கொடுப்பவர் ஆனார்கள். தில்லியில் 1999இல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பும் இவ்வுண்மையை உணர்ந்தே செயல்படுகிறது. நகரங்களின் பழந்துணிகளைத் தரம் பிரித்து, செப்பனிட்டு, தம் ஊர்க் குளத்தையும் பாதையையும் சீராக்கும் மக்களுக்கு அவர்தம் உழைப்பின் ஈடாக அது வழங்குகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். குளிரில் நடுங்குபவனிடம் தையலின் நேர்த்தியைப் பேசுவது வசதியுள்ளவர்களின் வீண்பேச்சு அல்லவா? புனித மார்ட்டின் தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைப் பிச்சைக்காரனுக்குக் கொடுத்தாரே. ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டா நின்றார்? மறுப்பு சரியானதே. உயிருக்குத் துணி தேவைப்படும் நேரத்தில் எந்தத் துணியும் நல்ல துணிதான். ஆனால் மார்ட்டின் கொடுத்தது பெட்டியின் அடியில் வேண்டாமென்று கிடந்த துணியன்று. அவர் உடுத்தியிருந்த அங்கி. மீதிப் பாதியைப் போர்த்தி நின்ற அவரைக் கண்டு சிலர் நகைத்தனர் என்றும் வரலாறு சொல்கிறது. பிச்சைக்காரனின் குளிரில் மட்டுமன்றி அவமானத்திலும் அவர் பாதியை வாங்கிக்கொண்டார். குனிதல் அங்கே குறைவின்றி இருந்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது. ஒட்டுப்போட்ட சட்டையைப் புகழ்வது வறுமையைப் புகழ்வதாகாதா? அந்த ஒட்டை இரவில் கண் வலிக்கத் தைத்தவர்கள் பெரும்பாலும் நம் தாய்மார்கள் அல்லவா? ஆம். மாற்றுடை இல்லாமையால் ஒட்டுப்போட்ட சட்டையோடு பள்ளிக்குப் போன சிறுவனிடம் அதன் அழகைப் பேசக்கூடாது. ஆகவே செப்பனிடும் கடமையை ஏழையின் மேல் சுமத்தாதிருப்போம். அது முதலில் மிகுதியாக வைத்திருப்பவரின் கடமை. அந்த வீட்டில் ஆணும் பெண்ணும் ஊசி பிடிக்க வேண்டிய கடமை. இன்று தேவைக்கு மேல் வாங்கிக் குவிக்கப்படும் ஆடைகள் கடல் கடந்தும் போகின்றன. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் அவை மலையாகக் கொட்டப்பட்டுள்ளன. கானா நாட்டுச் சந்தைகளில் வந்திறங்கும் பழைய ஆடைகளை அந்நாட்டு மக்கள் இறந்த வெள்ளையரின் ஆடைகள் என்றே அழைக்கிறார்கள். உயிரோடிருப்பவர் இவ்வளவு ஆடைகளை வேண்டாமென்று விடுவார் என்பதை அவர்களால் எண்ணிப் பார்க்க இயலவில்லை. குறைவாக வாங்குவதும் இருப்பதைச் செப்பனிட்டு உடுத்துவதும் ஈகைக்கு முன்னே வர வேண்டிய நீதி.

கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டியும் தவக்காலத்திலும் நம் பங்குகளில் துணிகள் சேர்க்கப்படுகின்றன. 1833இல் பாரிசில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையினர், ஏழையரை அவர்தம் இல்லத்திற்கே சென்று காண்பதைத் தம் பணியின் உயிராகக் கொண்டிருப்பது ஏன் என்று எண்ணிப் பார்ப்போம். போய்ப் பார்த்தவருக்கே அளவு தெரியும். மூட்டை கட்டுமுன் ஒவ்வோர் ஆடையையும் விரித்து வெளிச்சத்தில் பிடிப்போம். துவைத்து உலர்த்துவோம். அறுந்த பொத்தானை வைப்போம். பிரிந்த தையலைச் சேர்ப்போம். செப்பனிட இயலாததைப் பிடிதுணிக்கு ஒதுக்குவோம். இதனை நம் பிள்ளைக்கு உடுத்துவோமா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் மடித்து வைப்போம். ஒரு பொத்தான் வைக்கச் சில நிமிடங்கள் ஆகும். அந்நேரம் முழுவதும் நம் தலை தானாகவே குனிந்திருக்கும்; ஊசியில் நூல் கோக்க வேறு வழியில்லை.