விண்மீனும் வினைப்பயனும்

1987-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று, பெரிய மகெல்லன் மேகத்தில் சாண்டுலீக் அட்டவணையில் இடம்பெற்றிருந்த ஒரு நீலப் பெருமீன் வெடித்த ஒளி, 1,60,000 ஆண்டுகளுக்கும் மேலாக யாத்திரை செய்து பூமியை வந்தடைந்தது. என் சிந்தையைக் கவர்ந்தது அவ்வெடிப்பன்று. அதற்குச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அம்மீன் தன் மேனியிலிருந்து உதிர்த்த வாயு, ஓர் ஒளியாண்டுக்குச் சற்று மிகுந்த விட்டமுள்ள வளையமாகச் சூழ்ந்து நின்று, பின்வந்ததை எதிரேற்ற விதமே. வெடிப்பின் புறஊதாக் கதிர்பட்டு முதலில் ஒளிர்ந்த அவ்வளையம் மெல்ல மங்கிற்று. பத்தாண்டளவில், நொடிக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பியிருந்த சிதறலின் அதிர்வலை வந்து மோதவே, ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களில் வளையத்தின் ஓரிடம் மட்டும் பளிச்சிட்டது; உள்நோக்கி நீண்டிருந்த செறிந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தாக்குண்டு ஒளிபெற, சில ஆண்டுகளில் வளையம் முழுவதும் முத்துச்சரம்போல் ஆயிற்று.

தான் உதிர்த்ததைத் தானே வந்து மோதியது என்று கேட்டதும், வினைக்கொள்கைக்கு விஞ்ஞானச் சாட்சி கிடைத்ததென்று பூரிப்போர் நம்மிடையே உண்டு. சாத்திரத்துக்கு அவர்கள் செய்யும் உபகாரத்தைவிட அபகாரமே மிகுதி.

மீமாம்சகர், கருமமே தன் பலனைத் தரும், இடையே ஈசுவரன் வேண்டுவதில்லை என்பர். சைவ சித்தாந்திகளோ, வினை சடமாதலின், தனக்குரிய உயிரை அறிந்து சென்று சேரும் ஆற்றல் அதற்கில்லை, கூட்டுவிப்பான் ஒருவன் வேண்டும் என்று மறுப்பர். கூட்டுவிப்பார் எவரும் கண்ணில் படாமல், வேகமும் அடர்த்தியுமே காரியத்தை முடித்த அவ்வளையத்தை நோக்கும்போது, வழக்கு மீமாம்சகர் பக்கம் சாய்வதுபோலத் தோன்றும்.

ஆயினும் விளைவு வேறு, பயன் வேறு. நுகர்வோன் ஒருவனுக்கு இன்பமாகவோ துன்பமாகவோ வந்தாலன்றி எதுவும் வினைப்பயன் ஆகாது. வளையம் கொதித்து எக்ஸ் கதிர்களை உமிழ்ந்தபோது நொந்தவர் எவர்? உதிர்த்த மீனே அப்போது இல்லை. ஆகவே இத்திருஷ்டாந்தம் சித்தாந்தியை வீழ்த்தவில்லை. எதிராளியின் குறையையே ஒருவாறு வெளிப்படுத்துகிறது. ஏனெனில் மீனுக்கும் வளையத்துக்கும் நடுவே ஓடியது வாயு. அதன் வேகத்தையும் வெப்பத்தையும் அளந்தறிய முடிந்தது. செயலுக்கும், ஜன்மாந்தரத்தில் அதை நுகரும் உயிருக்கும் நடுவே ஓடுவது எது என்று வினவினால், மீமாம்சகர் அபூர்வம் என்று ஒரு பெயரை மட்டும் எடுத்துரைக்கின்றனர். அதன் இயல்பை அவர்கள் இன்னும் தெளிவாக நிறுவும்வரை, நான் சித்தாந்திகளின் பக்கமே அமர்வேன்.