பானெட்டைத் திற!

"ஸ்டீயரிங் ராக் போச்சு. முழுசா மாத்தணும்."

இதைக் கேட்டதும் முகம் வாடி, பர்ஸைத் தடவிப் பார்த்து, வந்த விலைக்கு வண்டியைத் தள்ளிவிடலாமா என்று யோசிக்கிறாயே, தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். அப்பா ஓட்டிய காரை இன்று நீ ஓட்டுகிறாயே, தங்கச்சி, உன்னிடமும்தான். ராக் போனதை யார் பார்த்தார்? வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தாரா, தரையில் சொட்டிக் கிடந்த ஆயிலை நின்ற இடத்திலிருந்தே பார்த்துச் சொன்னாரா? நீ கேட்கவில்லை. 'நமக்கு என்ன தெரியும்' என்று வாயை மூடிக்கொண்டாய். உன் வண்டியில் ஒழுகும் ஆயிலைவிட எனக்கு அதிகம் வலிப்பது அந்த மௌனம்தான்.

உனக்குக் கண் இருக்கிறது, கை இருக்கிறது. பானெட்டைத் திற!

ஐகான், ஆக்சென்ட், குவாலிஸ், முதல் தலைமுறை இன்னோவா காலத்து வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? எஞ்சின் பெல்ட் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் ஆயிலை அழுத்தி, சக்கரங்களைத் திருப்பும் ராக்குக்கு அனுப்புகிறது. வேலை முடித்த ஆயில் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக மேலே உள்ள டப்பாவுக்குத் திரும்புகிறது. அவ்வளவுதான். இதில் ஒழுகக்கூடிய இடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்: டப்பா, ரிட்டர்ன் ஹோஸ், பிரஷர் லைன், பம்பின் ஆயில் சீல், ராக். இந்த ஐந்தில் விலை கூடிய ராக்கையே முதலில் கைகாட்டினால், மற்ற நான்கையும் பார்த்தாகிவிட்டதா என்று கேட்கும் உரிமை உனக்கு இல்லையா?

ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். பிரான்சிஸ் டேவிஸ். அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் பொறியாளர். பாரமான வண்டிகளின் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டும் ஓட்டுநர்களைப் பார்த்தவர். நல்ல வேலையை விட்டுவிட்டு, மாசசூசெட்ஸ் மாநிலம் வால்தம் ஊரில் ஒரு பட்டறையில் பவர் ஸ்டீயரிங் செய்ய உட்கார்ந்தார். அவரை மறித்து நின்றது எது தெரியுமா? ஒழுகல்! அன்றைய ஹைட்ராலிக் இயந்திரங்களில் அழுத்தம் எந்நேரமும் அடைபட்டே கிடக்கும், கிடைத்த இடுக்கில் எல்லாம் ஆயில் வெளியேறும். டேவிஸ் தலைகீழாக யோசித்தார். வால்வு திறந்தே இருக்கட்டும், ஆயில் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கட்டும், சக்கரத்தைத் திருப்பும் நொடியில் மட்டும் அழுத்தம் ஏறட்டும் என்றார். 1926இல் ஓடும் காரிலேயே செய்து காட்டினார். ஆனால் பொருளாதார மந்தம் வந்தது. செலவு அதிகம் என்று ஒரு பெரிய கார் கம்பெனி பின்வாங்கியது. கடைக்கு வந்த காரில் பவர் ஸ்டீயரிங் ஏறியது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியலில். கால் நூற்றாண்டு! அதற்குள் அவருடைய காப்புரிமைகள் சிலவற்றுக்குக் காலமும் முடிந்திருந்தது. அந்த மனிதர் ஒழுகலைக் கண்டு ஓடியிருந்தால் இன்று உன் கையில் அந்த ஸ்டீயரிங் இல்லை. நீ மட்டும் ஏன் ஓடுகிறாய்?

சரி, சட்டைக் கையை மடி. முதல் வேலை சுத்தம். பல மாத அழுக்கும் ஆயிலும் சேர்ந்து கறுப்புச் சாந்தாக அப்பிக் கிடக்கும்போது கடவுளே வந்தாலும் ஒழுகும் இடம் தெரியாது. டீகிரீசர் அடித்துக் கழுவி, பனியன் வேஸ்டால் துடைத்துக் காயவிடு. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, வீட்டில் ஒருவரை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெல்லத் திருப்பச் சொல். கடைசிவரை ஒடித்து ஐந்து நொடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பிஎஸ்ஐயைத் தாண்டும், உன் டயரில் இருப்பதோ 30 சொச்சம். சுற்றும் பெல்ட் பக்கம் கையோ துப்பட்டாவோ போகவே கூடாது. டார்ச்சை மட்டும் நீட்டு.

இப்போது பார். டப்பாவுக்கு அடியில் ரிட்டர்ன் ஹோஸ் மாட்டியிருக்கும் இடம். ரப்பர் வறண்டு, முனையில் பொடிப்பொடியாக வெடித்திருக்கிறது. பழைய கம்பிக் கிளிப் பிடி தளர்ந்து நிற்கிறது. அதன் கீழ் விளிம்பில் சிவப்பாக ஒரு ஈரம் கசிந்து, முத்தாகத் திரண்டு, ஹோஸோடு வழிந்து, எங்கோ ராக்கின் மேல் போய்ச் சொட்டுகிறது! கீழே நின்று பார்த்தவருக்கு ராக் ஒழுகுவதாகத்தான் தெரியும். மேலே பார்த்தவனுக்கே உண்மை தெரியும்.

பழைய வண்டிகளில் இப்படி இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எஞ்சினை அணைத்து ஆறவிடு. ஊசி போடும் பெரிய சிரிஞ்சால் டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சி எடு. ஹோஸை இழுக்காதே, முறுக்கிக் கழற்று. அதே உள்விட்டத்தில், ஆயில் தாங்கும் ஹோஸ் வாங்கு. தண்ணீர்க் குழாய் நாலே நாளில் ஊதிப்போகும். கிளிப்பும் புதிதாகவே இருக்கட்டும். எந்த ஆயில் என்று மூடியிலோ வண்டிப் புத்தகத்திலோ எழுதியிருக்கும். சில வண்டிக்குச் சிவப்பு ஏடிஎஃப் ஆயில், சிலதுக்கு வேறு. கடைக்காரர் கையில் கிடைத்ததை ஊற்றாதே. ஒழுகலை அடைக்கும் மருந்து என்று விற்பது சீலை ஊதவைத்துச் சில காலம் ஓட்டும், வெடித்த ஹோஸை ஒட்டாது.

ஆயில் ஊற்றியதும் ஏர் எடுக்க வேண்டும். சமதரையில் முன்சக்கரங்களைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்து. வெறும் ஜாக்கியை நம்பாதே. எஞ்சினைப் போடாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பொறுமையாகத் திருப்பு. குமிழ் வரும், மட்டம் இறங்கும், ஊற்று, மறுபடி திருப்பு. குமிழ் நின்ற பிறகுதான் எஞ்சினைப் போட வேண்டும். டப்பாவில் நுரை கட்டினால் அணைத்துவிட்டுக் காத்திரு. அவசரப்பட்டால் பம்ப் ஊளையிடும்.

ஒரு இடத்தில் மட்டும் உன் கையைப் பிடித்து நிறுத்துவேன். பிரஷர் லைன் ஒழுகினால் அதை வெட்டி ரப்பர் மாட்டிக் கிளிப் போடத் துணியாதே. அந்த அழுத்தத்தில் பிய்த்துக்கொள்ளும், சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் தெறித்தால் தீயே பிடிக்கலாம். அது முறையாகக் கிரிம்ப் செய்து தரப்பட வேண்டிய ஹோஸ். ராக்கின் ரப்பர் பூட்டுக்குள் ஆயில் நிறைந்திருந்தால், ஆமாம், ராக்கின் சீல் போய்விட்டது. அப்போதும் துவளாதே! சீல் கிட் போட்டுக் கட்டித் தரும் கைகள் உண்டு. சென்னை என்றால் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் விசாரித்துப் பார்.

மறுநாள் வண்டிக்கு அடியில் அட்டை விரித்துப் பார், மட்டத்தைப் பார். ஒரு வாரம் இதைச் செய். பிறகு அதே மெக்கானிக்கிடம் தலை நிமிர்ந்து போ. "ரிட்டர்ன் ஹோஸ் நானே மாத்திட்டேண்ணே, பூட் காய்ஞ்சுதான் இருக்கு. பம்ப் சீல் பக்கம் லேசா ஈரம் தெரியுது, லிஃப்ட்ல ஏத்துங்க, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்!