ஐயமும் தேராத தெளிவும்: பெருந்தொற்றுக் காலத் தூய்மை பற்றி

உறுதியான அறிவு கிடைக்குமுன்பே செயல்பட வேண்டிய நிலைக்கு ஆளான மனிதர் எவ்வாறு நடந்துகொள்வது முறை என்பது அறவியலின் கடினமான வினாக்களுள் ஒன்று. நன்மை இது, தீமை இது என்று அறிந்த ஒருவர் எதைத் தெரிவு செய்ய வேண்டும் என்பதை அறநூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஆனால் கையிலிருக்கும் பால் பாக்கெட்டில் நோய் ஒட்டியிருக்கிறதா இல்லையா என்பதே தெரியாத ஒருவர் அதை என்ன செய்ய வேண்டும் என்பது அவற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. 2020ஆம் ஆண்டின் கோவிட் பெருந்தொற்று, அறிஞர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த இந்த வினாவை ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் கொண்டுவந்து நிறுத்தியது.

இவ்வினாவை அணுகத் தமிழ் மரபுக்குள்ளேயே கூரிய கருவி ஒன்று உண்டு. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், வஞ்சி மாநகரில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்டறியச் செல்லும் மணிமேகலைக்கு, அறிவு எவ்வழியாகப் பிறக்கிறது என்பதை ஆராயும் அளவைவாதி, அறிவைப் பெறும் வழிகளாகிய அளவைகளை எடுத்துரைப்பதோடு, அவற்றில் நேரக்கூடிய எட்டு வகைப் பிழைகளையும் வகுத்துக் காட்டுகிறார். அவற்றுள் ஐயம் ஒன்று. தேராது தெளிதல் வேறொன்று. எதிரே தெரியும் உருவம் நட்டுவைத்த தறியா, நிற்கும் ஆளா என்று துணிய முடியாமல் இருப்பது ஐயம். அதே தறியை ஆராய்ந்து பாராமல் ஆள்தான் என்று முடிவுகட்டிவிடுவது தேராது தெளிதல். இரண்டும் பிழை என்றே எண்ணப்பட்டாலும், முதலாவது தன் அறியாமையை அறிந்திருக்கிறது, இரண்டாவது அதை அறியாது என்பதால், இவற்றைத் தனித்தனியே வைத்தது ஆழ்ந்த நுட்பமுடையது. தருக்கத்தையே மெய்யறிவின் வழியாகக் கொண்ட நியாய தரிசனம் இன்னும் ஒரு படி மேலே சென்று, தான் வகுத்த பதினாறு பொருள்களுள் ஐயத்துக்கும் ஓர் இடம் தந்து, ஆராய்ச்சி தொடங்குவதே அதிலிருந்துதான் என்று கொண்டது. பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் செய்த தூய்மைச் செயல்களுள் முறையானவை எவை, முறையற்றவை எவை என்பதைப் பிரித்தறிய, அவை அறிவியல்படி சரியா என்று மட்டும் கேட்பது போதாது. ஐயத்தில் நின்று செய்யப்பட்டவையா, தேராத தெளிவில் நின்று செய்யப்பட்டவையா என்றும், அவற்றின் சுமை யார்மீது விழுந்தது என்றும் கேட்டாக வேண்டும்.

அக்காலத்தில் அறியப்பட்டது என்ன என்பதை முதலில் காண வேண்டும். 2020 மார்ச் நடுவில், நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, அமெரிக்காவின் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்த ஆய்வு, ஆய்வகச் சூழலில் இந்த வைரஸ் அட்டையின்மேல் 24 மணி நேரம் வரையும், பிளாஸ்டிக், எவர்சில்வர் ஆகியவற்றின்மேல் 72 மணி நேரம் வரையும் உயிர்ப்புடன் இருக்கக்கூடும் என்று தெரிவித்தது. காற்றில் மிதக்கும் நுண்துளிகளில், சோதனை நடந்த 3 மணி நேரம் முழுவதும் அது உயிர்ப்புடன் இருந்தது என்ற செய்தியும் அதே ஆய்வில் இருந்தது. ஆயினும் மக்கள் மனத்தில் பதிந்தது பொருள்கள் பற்றிய கணக்கே. காற்றைக் கழுவ வழியில்லை, பாத்திரத்தைக் கழுவ வழியுண்டு என்பதால், மனம் தன்னால் செய்யக்கூடியதன் பக்கமே சாய்ந்தது போலும். பால் பாக்கெட்டுகள் சோப்பு நீரில் கழுவப்பட்டன. காய்கறிகள் மஞ்சளும் உப்பும் கரைத்த நீரில் ஊறின. ரூபாய் நோட்டுகள் வெயிலில் காய்ந்தன. பல வீடுகளில் செய்தித்தாள் நிறுத்தப்பட்டது. கடைக்குப் போய் வந்தவர் துணியை நனைத்துப்போட்டுக் குளித்த பிறகே அடுக்களைக்குள் நுழைந்தார்.

இவற்றோடு மக்கள் செய்த கைகழுவுதலுக்கேனும் உறுதியான அடிப்படை இருந்தது. இந்த வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய உறை உண்டு. சோப்பின் மூலக்கூறு ஒரு முனையால் நீரையும் மறுமுனையால் கொழுப்பையும் பற்றும் தன்மையுடையது. ஆகவே இருபது வினாடி கைகளைத் தேய்த்துக் கழுவினால் அவ்வுறை கிழிந்து வைரஸ் செயலிழக்கும். விலை உயர்ந்த கிருமிநாசினி கிடைக்காத வீட்டிலும் ஒரு துண்டு சோப்பு இருந்தது என்பது அக்காலத்தின் சிறிய ஆறுதல்களுள் ஒன்று. மற்றவற்றின் நிலை வேறு. 2020 ஜூலையில், பொருள்களைத் தொடுவதால் நோய் பரவும் ஆபத்து மிகைப்படுத்தப்பட்டுள்ளது என்று இமானுவேல் கோல்ட்மேன் என்ற நுண்ணுயிரியலாளர் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் எழுதினார். அதே மாதம் 239 அறிவியலாளர்கள், காற்றுவழிப் பரவலை ஏற்கும்படி கேட்டுக் கையெழுத்திட்ட மடல் வெளிவந்தது. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், தொற்று படிந்த பரப்பு ஒன்றைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது. ஆக, கழுவப்பட்ட பால் பாக்கெட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை கழுவப்பட்டிருக்கவே தேவையில்லை.

அப்படியானால் அவ்வளவும் மூடத்தனமா என்றால், இல்லை என்றே கூற வேண்டும். அறியாத நிலையில் எடுக்கப்படும் முன்னெச்சரிக்கையைப் பின்னர்க் கிடைத்த அறிவைக் கொண்டு அளப்பது நேர்மையாகாது. அச்செயல்களைச் செய்தவர்கள் தறியா ஆளா என்று தெரியாமல் நின்றவர்கள். ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று எண்ணி ஒதுங்கி நடந்தவர்கள். அந்த ஒதுக்கத்தின் விலையாகிய நேரத்தையும் தண்ணீரையும் கைகளின் எரிச்சலையும் தாங்களே கொடுத்தவர்கள். வீட்டுக்குள்ளேயும் அந்த விலை சமமாகப் பங்கிடப்படவில்லை, பெரும்பகுதி பெண்களின் கைகளையே சேர்ந்தது என்பதை மட்டும் இங்கே மறைக்கலாகாது. இதற்கு மாறாக, தெளிவு இல்லாத இடத்தில் தெளிவைப் பறைசாற்றிய பிழை உயர்ந்த பீடத்திலிருந்து வந்தது: 2020 மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம், இந்நோய் காற்றின்வழிப் பரவுவதில்லை என்பதை ஐயத்துக்கு இடமில்லாத உண்மை போல அறிவித்தது. இன்னும் தெரியவில்லை என்று சொல்லியிருந்தால், சன்னல்களைத் திறந்துவைக்கும் எளிய வழக்கம் ஓராண்டு முன்னதாகவே பரவியிருக்கக்கூடும். இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் காற்றோட்டத்தை வலியுறுத்தி விரிவான அறிவுரை வெளியிட்டது, இரண்டாம் அலை நாட்டைச் சூறையாடிய பிறகு, 2021 மே மாதத்தில்தான்.

வீட்டுத் தூய்மைச் செயல்களைச் சடங்கு என்று ஒதுக்கியவர்களும் உண்டு. சடங்கு என்பது பயனற்ற செயல் என்ற எண்ணமே இந்த ஒதுக்கலுக்கு அடிப்படை. மானுடவியலாளர் மேரி டக்ளஸ், 1966இல் வெளிவந்த தூய்மையையும் ஆபத்தையும் பற்றிய தம் நூலில், அழுக்கு என்பது ஒரு பொருளின் இயல்பன்று, அதற்குரிய இடத்தை விட்டு அது விலகியிருப்பதே என்றும், ஆகவே தூய்மை செய்தல் என்பது உலகை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவரும் முயற்சி என்றும் விளக்கினார். இவ்விளக்கத்தின்படி, வாசற்படியில் மஞ்சள் நீர் தெளித்து வேப்பிலை கட்டியவரும், கதவின் கைப்பிடியைக் கிருமிநாசினியால் துடைத்தவரும் செய்தது அடிப்படையில் ஒன்றே: அச்சம் எல்லையற்றதாகப் பெருகிய நேரத்தில், இது உள், இது புறம் என்று ஓர் எல்லையை வரைந்துகொண்டனர். மனம் நிலைகொள்ள அத்தகைய எல்லை தேவைப்படுகிறது. அதைப் பழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆனால் எல்லை வரையும் செயலுக்கு ஒரு பேராபத்தும் உண்டு. புறம் என்று ஒதுக்கப்பட்ட இடத்தில் வைரஸ் மட்டும் நிற்பதில்லை, மனிதர்களும் நிற்கிறார்கள்.

தமிழகத்தின் அம்மை வழிபாடு இவ்விடத்தில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பெரியம்மை இருந்த காலத்திலும், சின்னம்மை வரும்போது இன்றும், அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகப்படுகிறது. அதைக் கண்ட ஊரார் உள்ளே நுழைவதில்லை. வீட்டார் பிற வீடுகளுக்குச் செல்வதில்லை. அடுக்களையில் தாளிப்பு நிற்கிறது. வேப்பிலை பரப்பிய படுக்கையில் கிடப்பவருக்குக் குளிர்ந்த உணவு தரப்படுகிறது. கொப்புளங்கள் உதிர்ந்த பின்பு, மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றிய பிறகே அவர் பொது வாழ்வுக்குத் திரும்புகிறார். தொற்றுநோயியல் தனிமைப்படுத்தல் என்று குறிப்பிடுவது இதில் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. ஆனால் தனிமைப்படுத்தலில் இல்லாத ஒன்றும் இதில் உண்டு. நோயாளியிடம் மாரியம்மன் வந்திறங்கியிருக்கிறாள் என்று கொள்வதால், அவர் விலக்கப்படும் அதே வேளையில் மதிக்கவும் படுகிறார். அவருடைய உடல் அஞ்சத்தக்கது மட்டுமன்று, வணங்கத்தக்கதும் ஆகிறது. இதை மிகைப்படுத்திப் போற்றவும் கூடாது. அம்மனின் சீற்றத்துக்கு வீட்டாரின் குற்றமே காரணம் என்று பழித்தவர்களும் இருந்தனர். பெரியம்மையை உலகிலிருந்து ஒழித்ததாக 1980இல் அறிவிக்க முடிந்ததற்குக் காரணம் தடுப்பூசியேயன்றி வழிபாடு அன்று. ஆயினும் விலக்குதலையும் மதித்தலையும் ஒரே செயலில் இணைக்க முடியும் என்பதற்கு வேப்பிலை செருகிய அந்த வாசல் சான்றாக நிற்கிறது. 2020இல் தொற்று கண்ட வீடுகளின் வாசலில் அறிவிப்பு ஒட்டித் தகரம் வைத்து அடைத்தபோது விலக்குதல் இருந்தது, மதித்தல் காணாமற்போனது. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்ததும், அதே ஊரை அடுத்த இருகூரில் 2021இல் கொரோனா தேவி சிலை நிறுவப்பட்டதும் சிலருக்கு நகைப்புக்குரியனவாகத் தோன்றின. அவற்றை, அஞ்சத்தக்கதோடும் ஓர் உறவை ஏற்படுத்திக்கொண்டு வாழ முயலும் பழைய உள்ளப்பாங்கின் தொடர்ச்சியாகக் காண்பதே பொருத்தம்.

தேராத தெளிவு எத்தகைய தீங்கை விளைக்கும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். 2020 மார்ச் இறுதியில், ஊரடங்கால் வேலையிழந்து உத்தரப் பிரதேசத்தின் பரேலிக்கு வந்து சேர்ந்த புலம்பெயர் தொழிலாளர்களைச் சாலையில் உட்காரவைத்து, தரை துடைக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை அவர்கள்மீது பீய்ச்சியடித்தனர். அடுத்த சில நாட்களில் திருப்பூர்ச் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் அமைக்கப்பட்டு, அது பல ஊர்களுக்கும் பரவியது. மூச்சுக்குழாய்க்குள்ளும் நுரையீரலுக்குள்ளும் இருக்கும் வைரஸைத் தோலின்மேல் தெளிக்கும் கரைசல் தொடவே முடியாது என்பதால், தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையும் மத்திய சுகாதார அமைச்சகமும் அந்த ஏப்ரலிலேயே அதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தின. கைகழுவுதலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அளவில் அன்று, திசையில் உள்ளது. அங்கே ஐயமுற்றவர் தம்மையே கழுவிக்கொண்டார். இங்கே அதிகாரம் உடையவர் இன்னொருவரை அழுக்கு என்று முடிவுசெய்து கழுவினார்.

மற்றொன்று இன்னும் கொடியது. 2020 ஏப்ரலில், நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்துத் தாமும் தொற்றுக்கு ஆளாகி இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் ஆம்புலன்ஸைத் தாக்கியது. சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தம் கையாலேயே குழியை மூட நேர்ந்தது. பையிலிட்டு மூடிய உடல் மண்ணுக்கடியிலிருந்து நோயைப் பரப்பும் என்று அஞ்சுவதற்கு அப்போது அடிப்படை இல்லை. இறந்தோர் உடலைக் கையாள்வது குறித்த மத்திய அரசின் வழிகாட்டுதல் அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 15 அன்று, வெளியாகியிருந்தது. ஆகவே அக்கூட்டத்தின் அச்சத்தை ஐயம் என்று மதிக்க இயலாது. பிறப்பாலோ தொழிலாலோ சிலரைத் தொடத்தகாதவர் என்று ஒதுக்கும் தீட்டு என்னும் கருத்தும் இதே கட்டமைப்பு உடையது: ஆராய்ச்சிக்கு ஒருபோதும் உட்படாத தெளிவு, தன் விலையை முழுவதும் பிறரிடமிருந்தே பெறும் தூய்மை. தெருக்களில் பிளீச்சிங் பவுடர் தூவியவர்களும், தொற்றுக் கண்ட வீடுகளின் குப்பையை அள்ளியவர்களும் நெடுங்காலமாக எந்தச் சாதிகளிலிருந்து வேலைக்கு எடுக்கப்பட்டு வந்தனர் என்பதை எண்ணினால், வைரஸ் இந்நாட்டுக்குப் புதிது, ஆனால் தூய்மையின் சுமையைப் பங்கிடும் முறை புதிதன்று என்பது விளங்கும். மாநில அரசு அம்மாத இறுதியிலேயே, இறந்தோர் அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது தேவைப்பட்டதே வருந்தத்தக்கது.

நிறுவனமாகிய சமயங்கள் இக்காலத்தில் பொதுவாகக் கருதப்படுவதைவிட நிதானமாக நடந்தன. 2020இலும் 2021இலும் மதுரையில் அழகர் வைகையில் இறங்கவில்லை; மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இன்றிச் சில பட்டர்களால் நடத்தப்பட்டு ஒளிபரப்பானது; தேவாலயங்களில் தீர்த்தத் தொட்டிகள் வறண்டன; பள்ளிவாசல்களில் ரமலான் இரவுத் தொழுகை வீடுகளுக்கு மாறியது. இந்து மரபு ஆபத்துக் கால தருமம் என்று ஒன்றை முன்பே வகுத்திருந்தது. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்வதையும் அங்கிருந்து வெளியேறுவதையும் தவிர்க்கச் சொல்லும் நபிமொழி இஸ்லாத்தில் உண்டு. இவ்விலக்குகளை ஏற்ற பக்தர்கள், தம் நம்பிக்கை உறுதியானதாக இருந்தும் நோயைப் பற்றிய தம் அறிவு உறுதியற்றது என்பதை ஒப்புக்கொண்டனர். நம்பிக்கையும் ஐயமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாகாது என்று வாதிடுவோருக்கு இது போதுமான மறுப்பு.

ஐயத்தில் நின்று பிறருக்காகச் செயல்படுவது எவ்வாறு என்பதைத் தமிழகத்தில் காட்டியவர்களுள், இறந்தோரை அடக்கம் செய்த தொண்டர்கள் முதன்மையானவர்கள். தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் (தமுமுக) உள்ளிட்ட இஸ்லாமிய அமைப்புகளைச் சேர்ந்தவர்கள், உறவினரே நெருங்கத் தயங்கிய உடல்களை எச்சமயத்தவராயினும் பெற்று, அவரவர் முறைப்படி எரித்தோ புதைத்தோ வந்தனர். அவர்கள் ஆபத்தை மறுத்தவர்கள் அல்லர். பாதுகாப்பு உடையும் கையுறையும் அணிந்தே பணிசெய்தனர். முன்சொன்ன மார்ச் வழிகாட்டுதல், உடலைக் குளிப்பாட்டுவதையும் தழுவுவதையும் முத்தமிடுவதையும் விலக்கியது. பையின் மேற்பகுதியைத் திறந்து உறவினர் கடைசியாக முகம் காண்பதையும், தொடாமல் மறை ஓதுவதையும், புனித நீர் தெளிப்பதையும் அனுமதித்தது. எது அஞ்சத்தக்கது, எது அன்று என்று ஆராய்ந்து பிரித்த இந்த நான்கைந்து வரிகளின் துணையோடுதான் அத்தொண்டர்கள், தாங்கள் யாரென்றே அறியாத குடும்பங்களுக்கு அவர்களுடைய இறந்தோரின் முகத்தைக் காட்டினர்.